சிவப்புப் புள்ளி வைத்த ரப்பர்

ஜூலை 8, செவ்வாய்
பொதுப் பெட்டியில் பன்னிரண்டு ரப்பர் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலையில் எண்ணினால் ஒன்பது. ஒவ்வொன்றிலும் என் கையால் சிவப்புப் புள்ளி வைத்திருந்தேன். “மூணாங்கிளாஸ்ல யாருக்கும் தனி ரப்பர் கிடையாது, எல்லாம் எல்லாருக்கும்” என்று நான் சட்டம் போட்டபோதே பக்கத்து வகுப்பு காந்திமதி டீச்சர் சிரித்தார். “ஊர்ச் சொத்து ஜாஸ்மின், பாத்துக்க.” அந்தச் சிரிப்பு காதைவிட்டுப் போகவில்லை.
இன்றும் நோட்டுகளை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். பிள்ளைகளின் தப்பை அழித்து, அவர்கள் மேலே எழுதிப் பழகப் புள்ளி எழுத்து போட வேண்டும். ஹேண்ட்பேகில் வீட்டுச் சாவியைத் தேடவே பத்து நிமிடம்.

ஜூலை 10, வியாழன்
ஏழு. யார்?

ஜூலை 11, வெள்ளி
ஆறு. இன்று நான் செய்ததை எழுதவே பிடிக்கவில்லை.
கடைசிப் பீரியடில் சினேகா பெஞ்சுக்கு அடியில் குனிந்து எதையோ டப்பாவில் போட்டாள். கேட்டதும் டப்பாவைப் பைக்குள் தள்ளினாள். பையைப் பிடுங்கி மேஜையில் கொட்டினேன், முப்பது பிள்ளைகள் பார்க்க. நோட்டு, சீப்பு, டிபன் டப்பா. டப்பாவில் பென்சில் சீவிய தூள், திரிந்த பால், ஒரே நாற்றம். ரப்பர் ஒன்றுகூட இல்லை. அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். “இந்தக் குப்பைய எதுக்குடி சேர்க்கிற?” என்று அதைக் கூடையில் கொட்டினேன்.
அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

ஜூலை 14, திங்கள்
சினேகா வரவில்லை. அவள் பக்கத்தில் உட்காரும் வினிதாவைக் கேட்டேன். ரகசியம்போலச் சொன்னாள்: “பென்சில் தூள பால்ல ஊற வெச்சா ரப்பர் ஆயிடும் மிஸ். ரப்பர் காணோம்னு நீங்க டென்ஷன் ஆனீங்கல்ல, அதான் அவ செஞ்சா.”
கர்த்தாவே! நானும் செய்திருக்கிறேனே, இரண்டாம் வகுப்பில், அம்மாவுக்குத் தெரியாமல் காபிப் பாலில். மூன்று நாள் காத்திருந்தேன். எனக்கு எப்படி மறந்தது? எனக்காகச் செய்தவளையா—

ஜூலை 15, செவ்வாய்
இன்றும் வரவில்லை. மாலை மார்க்கெட்டுக்குப் போனேன். அவள் அம்மா துர்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.
“இன்னா டீச்சர், இன்னும் எதுனா கொட்டிப் பாக்கணுமா? மீனு விக்கிறவ பொண்ணுன்னு தானே தொறந்தீங்க? வேற யார் பையத் தொறந்தீங்க?”
வேறு யார் பையையும் நான் திறக்கவில்லைதான். “தப்பு என்மேலதான்க்கா” என்றேன்.
“என்னாண்ட சொல்லி இன்னா? அத்தினி பேரு முன்னால பண்ணீங்க. அங்க சொல்லுங்க.”

ஜூலை 16, புதன்
அவள் இடம் காலி. “மன்னிப்பு கேட்டா தலைமேல ஏறிடுவாங்க” என்கிறார் காந்திமதி டீச்சர். ஏறட்டுமே. முதலில் வரட்டும். வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரு நோட்டும் திருத்தவில்லை.

ஜூலை 17, வியாழன்
வந்தாள். துர்கா வாசலிலேயே நின்றார்.
“சினேகா எதையும் எடுக்கல. அவ பைய நான் கொட்டினது தப்பு” என்று வகுப்பு முன்னால் சொன்னேன். அது போதாது என்று பட்டது. என் ஹேண்ட்பேகைத் தூக்கி அதே மேஜையில் கவிழ்த்தேன். சாவி, மாத்திரை அட்டை, பஸ் டிக்கெட். அப்புறம் ஒரு ரப்பர். இன்னொன்று. சிவப்புப் புள்ளியோடு ஆறு.
தினமும் திருத்த ஒன்று எடுத்துப் போயிருக்கிறேன். பையில் போட்டது மறுநாள் அகப்படாது, பெட்டியிலிருந்து இன்னொன்று. திருடி நான்தான்.
வாசல் பக்கம் திரும்ப எனக்குத் துணிவில்லை. சினேகா எழுந்து வந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் போட்டாள்.
“வூட்டுக்கு எட்த்துனு போனா சொல்லிட்டு எட்த்துனு போங்க மிஸ்.”
சாயங்காலம் அவளிடம் கேட்டு ஒன்று வாங்கி வந்தேன். திருத்தி முடித்ததும் அதை வீட்டுச் சாவியோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். காலையில் அவளிடம் கொடுக்க வேண்டும்.