மஞ்சக்கானலுக்கு ஆள் கூப்பிட்டவர்

அண்ணே,

நேற்றுக் காலையில் கடைக்கதவைத் திறந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்தது. வளைவில் இருக்கிற பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு இரண்டு பேர் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ அமைச்சர் இந்த வழியாகப் போகிறாராம். இறங்க மாட்டாராம், கடந்து போவதோடு சரி. தைத்த ரவிக்கையை வாங்கிப்போக வந்த பெண்ணை உட்காரச் சொல்லிவிட்டு நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். வேட்டியை மடித்துக்கட்டி, கையில் வாளியோடு நீங்கள் கடைகடையாக ஏறி இறங்கிய அந்த வாரம் அப்படியே கண்ணுக்குள் வந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து இவ்வளவு காலமான பிறகு, உங்களிடம் பேச வேண்டும் என்று இருந்தது. பேச ஆளில்லாததால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. சின்னமனூர்ச் சந்தையில் முதன்முதலாக உங்கள் குரலைக் கேட்டேன். ஒரு ஜீப்பின் தலையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். அந்தச் சந்தையில் மைக் வைத்தால் ஒன்று மூட்டைப்பூச்சி மருந்து விற்பார்கள், இல்லையென்றால் ஓட்டுக் கேட்பார்கள். நீங்கள் ஒரு ஊரை விற்றுக்கொண்டிருந்தீர்கள். அதுவும் எங்கள் பக்கத்துப் பேச்சில் இல்லாமல் பாலக்காட்டுத் தமிழில்.

"அல்லாரும் மஞ்சக்கானலுக்கு வாங்க! குமுளியில இருந்து பஸ்ஸு உண்டுங்க. குளுருமுங்க. மழெ பேயுமுங்க. அட்டெ கடிக்குமுங்க. ஆனா கச்சோடம் நடக்குமுங்க, நல்ல யாவாரம்!"

சந்தை சிரித்தது. அட்டை கடிக்கும் என்று சொல்லி ஆள் கூப்பிடுகிறவரை யார் பார்த்திருக்கிறார்கள்? நான் சிரிக்கவில்லை. புருஷன் செத்து, கைக்குழந்தையோடு அண்ணன் வீட்டு அடுப்படியில் படுத்திருந்த காலம் எனக்கு. பேக்கரி போட ஆள் வேண்டும், டாக்டர் வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே வந்தவர், தையல் தெரிந்த பெண் வேண்டும் என்றும் சொன்னீர்கள். தேயிலைக் காட்டுப் பெண்கள் ஒரு ரவிக்கை தைக்கக் குமுளி வரைக்கும் போக வேண்டியிருந்ததாம்.

கூட்டம் கலைந்த பிறகு ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து கேட்டேன். "பொம்பளை தனியா வந்தா வீடு குடுப்பீங்களாண்ணே?"

நீங்கள் என்னையும் பார்த்தீர்கள், இடுப்பில் இருந்த குழந்தையையும் பார்த்தீர்கள். "பூட்டும் சாவியும் சேத்தித் தர்றோம் தங்கச்சி" என்றீர்கள்.

மஞ்சக்கானல் அன்று ஊராக இல்லை. சாலை வளைவில் இரண்டு வரிசைக் கடைகள், பின்னால் தகரக் கூரை வீடுகள். அந்தப் பக்கத்து மலையைக் குடைந்து மின்சாரத்துக்காகச் சுரங்கம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலையாட்களின் முகாம் எங்கள் வளைவுக்குக் கீழே இருந்தது. மாலையானால் அவர்கள் மேலே ஏறி வந்து வாங்கினார்கள், தின்றார்கள், தைக்கக் கொடுத்தார்கள். குடையும் கயிறும் அரிக்கேன் விளக்கும் விற்கிற கடை உங்களுடையது. பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பிள்ளை, சரக்கோடு வந்தவர், அப்படியே தங்கிவிட்டீர்கள். வேறு யாரும் முன்வராததால் வியாபாரிகள் சங்கத்துக்கு நீங்கள்தான் செயலாளர்.

கடை நன்றாகத்தானே நடக்கிறது, எதற்கு இப்படி மலையிறங்கி அலைகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"சொரங்கம் ஒரு நா முடியுமுங்க தங்கச்சி. கேம்ப்பு போயிரும். அதுக்குள்ளார இது ஊராயிரணும். டாக்டரு வேணும், பேங்கு வேணும், பொண்டு புள்ளைக படிக்கப் பள்ளிக்கூடம் வேணும். ஆளுக வேரு புடிச்சுட்டாங்கன்னா அப்பறம் எவன் போனா என்ன?"

அதற்காக நீங்கள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். கம்பத்திலிருந்து ஒரு பேக்கரிக்காரரைக் குடும்பத்தோடு கூட்டிவந்தீர்கள். அவர் அடுப்புக் கட்டி முடிக்கிற வரை உங்கள் கிடங்கில்தான் மாவு மூட்டைகள் இருந்தன. மதுரைப் பக்கத்து இளம் டாக்டர் ஒருவரை, அவர் வீட்டு வாசலில் எத்தனையோ முறை போய் நின்று சம்மதிக்க வைத்தீர்கள். கடை மாடியை அவருக்குக் காலி செய்து கொடுத்துவிட்டு, கீழே கயிற்றுச் சுருள்களுக்கு நடுவில் படுத்துக்கொண்டீர்கள்.

டாக்டரின் மனைவி சின்னப் பெண். பகலிலும் மூடிக்கொண்டு கிடக்கிற மஞ்சுப் பனியைக் கண்டு அவள் மிரண்டுபோய் ஜன்னலோரமே உட்கார்ந்திருந்தாள். "அந்தப் புள்ளையத் தனியா உடாதீங்க. ஆளுக்கொரு நேரம் போயிப் பேசிட்டு வாங்க" என்று பெண்களிடமெல்லாம் சொல்லி வைத்தீர்கள். நாங்கள் எல்லோரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் போய்விட்டோம். ஒருத்தி கையில் புட்டு, ஒருத்தி கையில் கப்பைக் கிழங்கு, நான் ரசம். மாடிப்படி கொள்ளாமல் நின்ற எங்களைப் பார்த்து அந்தப் பெண் ஓவென்று அழுதாள். பிறகு சிரித்தாள். கீழே நின்றிருந்த நீங்கள், "அழுவுதா சிரிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். ரெண்டும்தான் அண்ணே என்று சொன்னதும் உங்கள் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக உங்களை நான் பிறகு பார்க்கவே இல்லை.

இத்தனை பேரை வரவழைத்தவருக்கு, சொந்த மனைவியை மட்டும் வரவழைக்க முடியவில்லை. நான் மச்சி என்று கூப்பிடும் அவர்களுக்கு இழுப்பு நோய். ஒருமுறை வந்து தங்கியபோது இந்தக் குளிரில் மூச்சு விட முடியாமல் விடிய விடிய உட்கார்ந்தே இருந்தார்கள். மறுநாளே பாலக்காட்டுக்குக் கொண்டுபோய் விட்டீர்கள். ஊரில் இதை என்னைத் தவிர யாரிடமும் நீங்கள் சொன்னதில்லை. டாக்டரின் மனைவியையும் பேக்கரிக்காரர் மனைவியையும் நீங்களே வரவழைத்த ஊரில், குளிர் ஒத்துக்கொள்ளாத கதையைச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை.

பேங்க் அதிகாரி இடம் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்ததும் ஊருக்கே வெள்ளையடிக்கலாம் என்றீர்கள். மழை நிற்காத மாதம். சுண்ணாம்பில் பசையைக் காய்ச்சி ஊற்றி, படுதாவைப் பிடித்துக்கொண்டு அதன் அடியில் நின்று அடித்தோம். நானும் என் கடைக்கு அடித்தேன். அதிகாரி வந்த அன்று, அவர் ஜீப் வளைவு திரும்புகிற நேரம் பார்த்து மழை சாய்ந்து அடித்தது. இரண்டு வரிசைக் கடைகளும் எங்கள் கண்ணெதிரே கரைந்தன. சாலை முழுவதும் பால் ஊற்றியதுபோல் வெள்ளைத் தண்ணீர் ஓடியது.

அவர் இறங்கினார். கறுப்பு பூட்ஸ் கணுக்கால் வரை வெள்ளையாகிவிட்டது. நீங்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்தீர்கள். குனிந்து அவருடைய பூட்ஸைத் துடைக்கப் போனீர்கள், அண்ணே. அவர் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டு, "அய்யோ, வேண்டா வேண்டா" என்றார். நான் தையல் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் கெட்ட மனிதரில்லை. உங்கள் கடையில் உட்கார்ந்து டீ குடித்தார். ஒவ்வொரு கடையும் என்ன வியாபாரம் செய்கிறது என்று பொறுமையாகக் கேட்டார். கடைசியில் மலையாளத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பணி தீர்ந்தா பின்னே இவிடே ஆரு உண்டாகும்?" வேலை முடிந்த பிறகு இங்கே யார் இருப்பார்கள்?

"நாங்க இருப்போமுங்க சார்" என்றீர்கள்.

அவர் தலையாட்டினார். ரிப்போர்ட் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எந்தப் பதிலும் வரவில்லை. பிறகு மலைக்கு அந்தப் பக்கத்தில் பேங்க் திறந்தார்கள் என்று கேள்விப்பட்டோம்.

அதற்கப்புறம் நடந்த எதுவும் நம் கையில் இல்லை. சுரங்கம் முடிந்தது. முகாமுக்காகப் போட்ட புதுச்சாலை அகலமாகவும் நேராகவும் இருந்ததால் பஸ்ஸும் அந்த வழியாகப் போகத் தொடங்கியது. நம் வளைவுக்கு நாளுக்கு ஒரு பஸ் என்றானது. நீங்கள் கோட்டயத்துக்கும் தொடுபுழைக்கும் மனுவோடு போனீர்கள். யாரும் உங்களைத் திட்டவில்லை, விரட்டவில்லை. உட்காரச் சொன்னார்கள், கேட்டார்கள், பார்க்கலாம் என்றார்கள். சண்டை போடக்கூட ஒருவர் கிடைக்கவில்லையே என்று திரும்பிவந்து சொன்னீர்கள். அடுப்பில் இருந்த கஞ்சியை ஊற்றிக் கொடுத்தேன்.

டாக்டரின் மனைவி பிரசவத்துக்குப் போனவள் திரும்பவில்லை. சில மாதத்தில் டாக்டரும் கிளம்பினார். அவருடைய டிரங்குப் பெட்டியை நீங்களே தூக்கி ஜீப்பில் வைத்தீர்கள். இருங்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன் பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். ஒவ்வொருவர் சாமான் ஏற்றும்போதும் நீங்கள் போய்க் கைகொடுத்தீர்கள். கயிறு உங்கள் கடையிலிருந்துதான் போனது.

பேக்கரிக்காரர் கிளம்பிய நாள்தான் பொல்லாத நாள். அடுப்பைப் பெயர்த்து எடுத்துப்போக முடியுமா? அது அப்படியே நின்றது. லாரியில் ஏறப்போன அவர் மனைவி, உங்களைக் கண்டதும் இறங்கி வந்தாள்.

"கம்பத்துல நல்லா பொழச்சுக்கிட்டுதாண்ணே இருந்தோம். ஒங்க பேச்சக் கேட்டு வந்தோம். எங்களயெல்லாம் இங்க கொண்டாந்து மழையில போட்டுட்டு, ஒங்க சம்சாரத்த மட்டும் பத்திரமாக் கீழ வச்சுக்கிட்டீங்கல்ல?"

தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு வாய்வரை வந்துவிட்டது, அண்ணே. "ஏத்தா, அவங்களுக்கு..." என்று ஆரம்பித்தேன். நீங்கள் என் பக்கம் கையைக் காட்டி நிறுத்தினீர்கள். அவளிடம், "தப்புத்தானுங்கம்மா" என்று மட்டும் சொன்னீர்கள். லாரி வளைவு தாண்டுகிற வரை மழையில் நின்றீர்கள். குடை விற்கிற மனிதர், குடை இல்லாமல்.

அன்றுதான் உங்களுக்கு உள்ளே ஏதோ நொறுங்கியிருக்க வேண்டும். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து படுத்தீர்கள். உங்கள் தம்பி வந்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். போர்வைக்குள்ளிருந்து நீங்கள் வெளியே பார்த்தது எனக்குத் தெரியும். வழியனுப்ப நான் மட்டும்தான் நின்றேன்.

ஒருமுறை பாலக்காட்டுக்கு வந்து பார்த்தேன். மச்சி கதவைத் திறந்தார்கள். கட்டிலில் நீங்கள் பாதியாகக் கிடந்தீர்கள். நான் உட்காருவதற்கு முன்னால் கேட்டீர்கள்.

"யாராச்சும் புதுசா வந்தாங்களா தங்கச்சி?"

"இல்லண்ணே."

பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை அப்போது சொன்னேன். அண்ணன் வீட்டு அடுப்படியிலேயே கிடந்திருந்தால் நானும் என் மகளும் என்ன ஆகியிருப்போமோ தெரியாது. என் கதவை நானே பூட்டி நானே திறக்கிற வாழ்க்கை நீங்கள் கொடுத்தது. மகள் நன்றாகப் படிக்கிறாள், டீச்சர் வேலைக்குப் போகப்போகிறேன் என்கிறாள். எனக்கு நீங்கள் சொன்ன எதுவும் பொய்யாகப் போகவில்லை.

நீங்கள் கேட்டீர்கள். கேட்டுவிட்டு, என் கையைத் தட்டிக்கொடுத்து, "நீங்க ஒருத்தர்தானே தங்கச்சி" என்றீர்கள்.

போனவர்கள் எல்லோரும் உங்கள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். தங்கியவளுக்கு அங்கே இடமில்லை. உங்கள் சாவுச் செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது.

மகள் இப்போது தேனியில் ஹெட்மிஸ்ட்ரஸ். "இன்னும் அங்க என்னம்மா இருக்கு? கிளம்பி வா" என்று ஒவ்வொரு விடுமுறைக்கும் கூப்பிடுகிறாள். முழங்கால் நோகிறது, ஊசிக்கு நூல் கோக்கக் கண் தெரிவதில்லை. இந்தத் தடவை போய்விடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். எதிரே ராசாத்தி என்று ஒரு பெண் டீக்கடை வைத்திருக்கிறாள். எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு வந்தவள். மூணாறு போகிற ஜீப்புகள் எப்போதாவது அவள் கடையில் நிற்கும். நான் கூப்பிட்டு வந்தவளில்லை, அவளாகவே வந்தவள். போன வாரம் அவளிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன்.

அவள் கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கொண்டே நிமிராமல் சொன்னாள். "போயிட்டு வாங்கம்மா. வயசான காலத்துல மக கூட இருக்கிறதுதான் நல்லது." பிறகு கொஞ்சம் பொறுத்து, "ஒங்க கடை தெறந்திருக்கிறதப் பாத்துத்தான் நானும் தெறந்துக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

குற்றம் சொல்லவில்லை. நிறுத்தவும் இல்லை. ஆனால் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒருத்தர் இன்னொருத்தரை நம்பி ஒரு இடத்தில் இருப்பது இவ்வளவு கனமா, அண்ணே? ஒரு ராசாத்தியை வைத்துக்கொண்டே எனக்கு மூச்சு முட்டுகிறது. நீங்கள் எத்தனை பேரைச் சுமந்தீர்கள்!

மகளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. பெட்டி கட்டியபடி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. இன்று காலை நல்ல மழை. ஜீப் எதுவும் வராது என்று தெரியும், தைக்கத் துணியும் இல்லை. ராசாத்தி எழுந்து பார்ப்பதற்குள் கதவைத் திறந்து வைத்துவிட்டு, மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.