பாதி கறுத்த கண்ணாடி

சத்தியமங்கலம்,
வியாழக்கிழமை.

ஏனுங்க, முழங்கால் வலி இப்போது தேவலையா? நான் சுகம். போனில் பேசினால் மருமகள் காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் சமைத்துப்போடும் கிளாடிஸ் அம்மணி சாயங்கால மலையை ரோல் கேமராவில் படம் எடுப்பார் அல்லவா? மீட்டரை வானத்துக்கு ஒரு தரம், தரைக்கு ஒரு தரம் காட்டி வெளிச்சம் அளப்பார். வானத்தில்தான் வெளிச்சம் அதிகம். அதை அடக்க, மேல்பாதி கறுத்த ஒரு கண்ணாடியைக் கேமரா முன்னால் மாட்டுவார். இதெல்லாம் நேற்றுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். போன வாரம் அந்தக் கண்ணாடியை மேசையில் பார்த்ததும், கரி பிடித்திருக்கிறது என்று பாத்திரப் பவுடர் போட்டுத் தேய்த்துவிட்டேன். கறுப்பு போகவில்லை, கீறல்தான் விழுந்தது.

நேற்று ரோல் கழுவி வந்தது. எல்லாப் படத்திலும் வானம் புகைமூட்டம்.

"என்ற வானத்தை என்ன பண்ணிப்போட்டீங்க வின்ஸ்டன்?" என்று ரோல் கழுவுகிறவரிடம் அம்மணி போனை ஸ்பீக்கரில் போட்டுச் சத்தம் போட்டார்.

"நான் ஒண்ணுமே பண்ணலீங்க அக்கா" என்றார் அவர், அழாத குறையாக.

நான் துலக்கினால் பாத்திரத்தில் முகம் பார்க்கலாம் என்று ஊரெல்லாம் பீற்றியவள், வின்ஸ்டன் திட்டு வாங்க வாங்க, ரசத்துக்குத் தாளித்துக்கொண்டு நின்றேன்.

நாளைக் காலையில் காப்பி கொடுக்கும்போது சொல்லிவிடுவேன். வேலை நிலைத்தால் உங்கள் பழைய போர்வையை யாரிடமாவது கொடுத்துவிடுங்க. துவைக்க வேண்டாம், அப்படியே வேண்டும். திடீரென்று நான் பையோடு வந்து நின்றால், மருமகள் முன்னால் மட்டும் ஏன் வந்தாய் என்று கேட்டுவிடாதீங்க.

அம்மணி கூப்பிடுகிறார்.

பழனியாத்தாள்