அண்ணன் முதுகில் உங்கள் விரல்

அன்புள்ள அண்ணி,

நீங்கள் கண்மூடிய பிறகு ஒரு மழைக்காலமும் ஒரு சுக்குக் காலமும் முடிந்துவிட்டன. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் லாரிகள் இன்னும் ஒன்றுக்கொன்று வழிவிடாமல்தான் நிற்கின்றன. அண்ணன் காலையில் குளித்து, வெலிங்டன் தீவுக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்போலச் சட்டை போட்டுக்கொண்டு, நாற்காலியின் நுனியில் சாயாமல் உட்கார்ந்திருக்கிறார். துறைமுகத்திலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது என்று யாரும் அவருக்கு நினைவூட்டுவதில்லை.

நான் எழுத வந்தது உங்கள் சுக்குக் கிடங்கைப் பற்றி. நீங்களும் ஐந்து பெண்களுமாகத் தொடங்கி, இஞ்சியைச் சுண்ணாம்பில் புரட்டாமல் வெயிலில் மட்டும் காயவைத்து, புடைத்து, தரம் பிரித்து விற்ற கிடங்கு. உங்கள் இடத்துக்கு இன்னொரு பெண் வந்துவிட்டாள். இப்போதும் ஆறு பேர். கம்பம் ஊரிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்த ராஜாத்திதான் மூத்தவள். நீங்கள் தொங்கவிட்ட முறம் அதே ஆணியில் தொங்குகிறது.

விருதுநகர் சங்கரலிங்கம் அண்ணாச்சிதான் இன்றைக்கும் பெரிய கொள்முதல்காரர். மற்ற வியாபாரிகள் விலையைப் போனிலேயே முடித்துவிடுகிறார்கள். இவர் மட்டும் பழைய ஆள். தோள் துண்டை எடுத்து விரித்து, அதற்கடியில் விற்பவரின் கையைப் பிடித்து, விரல்களை அழுத்தி விலை சொல்வார். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. பெண்ணின் கையை அவர் தொட மாட்டார். அது மரியாதை என்பார். அந்த மரியாதையால் ஒரு பெண் தன் சரக்குக்குத் தானே விலை பேச முடியாமல் போனது.

அதற்கு நீங்கள் கண்டுபிடித்த வழியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அண்ணனை முன்னால் உட்காரவைத்து, நீங்கள் பின்னால் உட்காருவீர்கள். அண்ணாச்சி வலக்கையில் அழுத்திய விலையை அண்ணன் இடக்கை விரல்களால் முதுகுக்குப் பின்னே உங்களுக்குக் காட்டுவார். போதாது என்றால் நீங்கள் முதுகில் விரலால் ஒரு குத்துக் குத்துவீர்கள். போதும் என்றால் உள்ளங்கையை வைப்பீர்கள். அண்ணாச்சிக்கு எல்லாம் தெரியும். தெரியாததுபோல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்து அண்ணன், "என் முதுகு என்ன காலிங்பெல்லா?" என்று கேட்பார்.

நீங்கள் போன பிறகு ராஜாத்தி வந்து அவரைக் கூப்பிட்டாள். "போக மாட்டேன். முதுகு காலியா இருக்கு" என்றார். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை.

அந்த இடத்துக்குத்தான் சுனில் வந்தார். எர்ணாகுளம் மார்க்கெட்டில் தரகு பார்த்தவர். நெற்றியில் சந்தனம், முகத்தில் ஓயாத சிரிப்பு. அண்ணன் முறை வைத்து, பெண்களுக்கு அவர் சுனில் சேட்டன். லாரி பிடிப்பது அவர், போன் பேசுவது அவர், துண்டுக்குள் போகிற கையும் அவருடையது. அந்த முதுகில் விரல் வைக்க யாராலும் முடியாது, இல்லையா?

எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. "நான் போடுற சாயாவையும் மோந்து பார்த்துட்டுத்தானே குடிக்கிறே தம்பி" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. செய்தியாளனாக இத்தனை ஆண்டுகள் இருந்தவனுக்கு வேறென்ன வரும்? பெண்களுக்கு உதவ என்று ஓர் ஆண் சிரித்துக்கொண்டே வந்தால், அவருடைய பையில் என்ன இருக்கிறது என்றுதான் என் கண் போகிறது.

விசாரித்தேன். அண்ணாச்சிக்குப் போன் போட்டு, என்ன விலை கொடுத்தார் என்று கேட்டேன். ராஜாத்தியிடம் என்ன விலை வந்தது என்று தனியாகக் கேட்டேன். இரண்டும் ஒன்று. தரகு வழக்கமானதுதான். லாரிக்காரரிடம் கேட்டேன். பக்கத்துக் கிடங்கில் கேட்டேன். ஒன்றும் அகப்படவில்லை. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

பிறகு எர்ணாகுளம் கலூரில் பெண் தொழில்முனைவோர் கண்காட்சி ஒன்று நடந்தது. நம் கிடங்குக்கும் ஒரு கடை கொடுத்திருந்தார்கள். மேடையில் பெண்களின் வியாபாரத்தை எல்லை தாண்டிக் கொண்டுபோவோம் என்று பேசினார்கள். ஆறு பேருக்கும் பொன்னாடை போட்டார்கள். அது முடிந்ததும், கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா கடைக்கு முன்னால் நின்று, "இதை மாசாமாசம் எங்களுக்கு அனுப்ப முடியுமா? என்ன விலை வரும்?" என்று கேட்டார். சாதாரணக் கேள்வி. ஆறு தலைகளும் ஒன்றாகத் திரும்பி, பின்னால் நின்ற சுனிலைப் பார்த்தன. அவர் சிரித்தபடி முன்னால் வந்து, அந்த அம்மாவைச் சாயா குடிக்க அழைத்துப் போய்விட்டார்.

அவர் திருடவில்லை, அண்ணி. திருடியிருந்தால் எனக்கு வேலை சுலபம். ஒரே நாளில் வெளியே அனுப்பிவிடலாம். நல்லவரை என்ன சொல்லி அனுப்புவது?

திரும்பும்போது அவரிடமே கேட்டேன், ஏன் அவர்களைப் பேசவிடவில்லை என்று.

"சாரே, நான் இல்லெங்கில் இவங்க என்ன செய்யும்? பாவங்க. நம்மள் எல்லாம் ஒரு குடும்பமல்லே" என்றார். உண்மையான பாசத்தோடுதான் சொன்னார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

பயந்தபடியே நடக்கப் பார்த்தது. இந்தச் சுக்குக் காலம் தொடங்கும்போது அண்ணாச்சி ஒரு வருஷத்துக்கு மொத்தச் சரக்கையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஒப்பந்தம் சுனில் பெயரில் இருக்கட்டும், அதுதான் லேசு என்றார். ஒரு சௌகரியத்துக்குத்தானே என்றார் சுனில். வாங்குபவர் அவரோடு, லாரி அவரோடு, இனி ஒப்பந்தமும் அவரோடு. அதன் பிறகு அந்த ஆறு பேர் யார்? உங்கள் கிடங்கில் சுனிலுக்குச் சுக்குப் புடைக்கிற கூலிக்காரர்கள். யாரும் யாரையும் ஏமாற்றாமலே அது நடந்து முடிந்திருக்கும்.

ராஜாத்தியிடம் போய் இதைச் சொன்னேன். அவள் முறத்தை நிறுத்தவே இல்லை.

"எனக்கு இது கலூர்லயே தோணுச்சு சார்."

"அப்புறம் ஏன் சும்மா இருக்கே?"

"நீங்க சந்தேகப்பட்டா அது பத்திரிகையில வரும். நான் சந்தேகப்பட்டா லாரி வராது. ஆறு வீட்டுக் கஞ்சி சார். கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தேன். அண்ணாச்சி வந்த அன்றைக்கு நானும் போய்க் கிடங்கு வாசலில் நின்றேன். சாக்குகள் முற்றத்தில் அடுக்கியிருந்தன. அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்து, தோளிலிருந்து துண்டை எடுத்து விரித்தார். சுனில் முழுக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டு எதிரே உட்காரப் போனார்.

"சேட்டா, ஒரு நிமிஷம்" என்றாள் ராஜாத்தி. அண்ணாச்சியின் கையிலிருந்து துண்டை மெல்ல வாங்கினாள். அவர் விட்டுவிட்டார். ஏதோ உதறித் தரப்போகிறாள் என்று நினைத்திருப்பார். அவள் அதைத் தரையில் விரித்தாள். அதன்மேல் ஒரு முறம் சுக்கைக் கொட்டினாள்.

"ஒடிச்சுப் பாருங்க அண்ணாச்சி. பார்த்துட்டு விலையை வாயால சொல்லுங்க. ஆறு பேருக்கும் கேக்கணும்."

"என்ன தாயி, புதுப் பழக்கமா இருக்கு" என்றார் அண்ணாச்சி.

"ஆமா. உங்க கை என் கையைத் தொட வேண்டாம். வாய் இருக்குல்ல?"

பின்னால் யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். சுனிலின் முகத்தில் அன்றுதான் முதல்முறையாகச் சிரிப்பைக் காணவில்லை. அண்ணாச்சி ஒரு சுக்கை எடுத்து ஒடித்தார். நன்றாகக் காய்ந்த சுக்கின் சத்தம் கேட்டது. முகர்ந்தார். இன்னொன்றை ஒடித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு விலை சொன்னார். இத்தனை வருஷ வியாபாரத்தில் சரக்குக்கு முன்னால் உட்கார்ந்து அவர் வாய்விட்டு விலை சொல்லி நான் கேட்டதே இல்லை.

"அது சேட்டன் கையில நீங்க போன வருஷம் அழுத்துன விலை. இஞ்சி ஏறிப்போச்சு" என்றாள் ராஜாத்தி. இன்னொருத்தி வெயில் குறைந்த கதையைச் சொன்னாள். மூன்றாமவள் சாக்கு விலையைச் சொன்னாள். நீங்கள் அண்ணன் முதுகில் விரல் வைத்துச் சொன்னதையெல்லாம் இப்போது ஆறு வாய்கள் சொல்லின. அண்ணாச்சி ஏறினார். கொஞ்சம்தான், ஆனால் ஏறினார். ஒப்பந்தம் கிடங்கின் பெயரில், ராஜாத்தியின் கையெழுத்தில் முடிந்தது. லாரி பிடிக்கிற வேலை மட்டும் சுனிலுக்கு. அதற்கு அவர் சம்மதித்திருக்கிறார். எத்தனை நாளைக்கு என்பது எனக்குத் தெரியாது. அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தாரே, அந்தச் சிரிப்பின் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

எல்லாரும் போன பிறகு ராஜாத்தி என்னிடம் வந்தாள்.

"நீங்க எதுக்கு சார் இன்னிக்கு வந்து நின்னீங்க?"

"சும்மாதான்."

"சும்மா இல்ல. சுனில் சேட்டனும் எங்கள நம்பல, நீங்களும் நம்பல. அவரு சிரிச்சுக்கிட்டு நம்பல, நீங்க மொகத்தைத் தூக்கிக்கிட்டு நம்பல. அவ்வளவுதான் வித்தியாசம்."

நான் செருப்பைத் தேடத் தொடங்கினேன். நீங்கள் இருந்திருந்தால் அவளுக்கு என்ன சொல்லியிருப்பீர்கள்?

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யாரு கை உள்ளே போச்சு?" என்றார்.

"யாரு கையும் போகல. துண்டு தரையில கிடந்துச்சு."

நீங்கள் போன பிறகு முதல்தடவையாக அவர் நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்துகொண்டார்.

அண்ணி, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த முறை அண்ணாச்சி வருகிற அன்றைக்கு நான் கிடங்குப் பக்கம் போக மாட்டேன். அண்ணனோடு உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருப்பேன். என்ன விலை போனது என்று ராஜாத்தியே வந்து சொன்னால் கேட்டுக்கொள்வேன். சொல்லாவிட்டால் கேட்க மாட்டேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

சாயாவை முகராமல் குடிக்கப் பழகிக்கொண்டிருக்கும்,
உங்கள் கொழுந்தன்