மாசசூசெட்ஸும் எங்கள் கோயில் வாக்கும்

16 ஒக்டோபர், வியாழன்

நாளை வகுப்பில் நான் அமெரிக்காவின் முதல் குடியேற்றங்களைப் பற்றிப் பேச வேண்டும். சாப்பிடும்போது அம்மா அப்பாவுக்குப் பேசிக் காட்டினேன். வர்ஜீனியாவில் அடிமைகளின் உழைப்பில் புகையிலை விளைந்தது, ஆட்சி தோட்டக்காரர் கையில் இருந்தது. பென்சில்வேனியாவில் கோதுமை, பல மதத்தவர். மாசசூசெட்ஸில் தேவாலய உறுப்பினரான ஆண்களுக்கு மட்டுமே வாக்கு.

"பொம்பிளையள் அங்க கோயிலுக்குப் போறேல்லையோ?" என்று அம்மா கேட்டார்.

"போனவை அம்மா. வாக்குத்தான் இல்லை."

"அப்ப எங்கட கோயில் மாதிரித்தான்."

ஞாயிறு எங்கள் கோயில் நிர்வாகத் தேர்தல். குடும்பத்துக்கு ஒரு வாக்கு. எங்களுடையது அப்பாவின் பெயரில் இருக்கிறது. வெள்ளிதோறும் அங்கே சமைப்பவர் அம்மா.

அப்பா சிரித்தார். "நீர் சொல்லுற ஆளுக்குத்தானே போடப்போறன்."

"போனமுறையும் இப்பிடித்தான் சொன்னீங்கள்" என்றார் அம்மா.

அப்பா என் பக்கம் திரும்பினார். "பிறகு மாசசூசெட்ஸில அந்தச் சட்டத்தை மாத்தினவையோ, பிள்ளை?"

"ஓம் அப்பா. சொத்துள்ள ஆம்பிளையளுக்கு எண்டு மாத்தினவை."

அம்மா எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்.

வியாழன் இரவுகளில் அம்மா கோயிலுக்குப் பெரிய சட்டியில் கடலை ஊறப் போடுவார். இப்போது தண்ணீர் குடிக்கப் போனேன். அந்தச் சட்டி கவிழ்த்தபடியே இருக்கிறது.