பனிக்கு ஒரே சொல்

இன்று காலை மூங்கில் கழியின் ஈரம் முழங்கை வரை வழிந்தது. ஆள் ஒருவர் வரவில்லை. அதனால் பதினோராவது குழியைச் சுற்றியிருக்கும் புல்தரையில், நம் பேச்சில் சொன்னால் கிரீனில், நானே கழியால் புல்நுனிப் பனியைத் தட்டிவிட்டேன். ஐம்பத்தெட்டு வயதில் மேற்பார்வையாளன் செய்கிற வேலையா இது என்று கேட்டுச் சிரித்திருப்பாய். நனைந்த புல்லும் மூங்கிலும் கலந்த அந்த வாசனையில் உன் ஞாபகம் வந்தது. நீ போய் ஐந்து மாதம் ஆகிறது.

கல்கத்தாவில் இந்தக் கால்ஃப் கிளப்பில் நாம் ஒரே நாளில் சேர்ந்தோம். நான் லேக் கார்டன்ஸ், நீ காளிகாட் சந்து. அம்மாவிடம் தமிழ் பேசுவாய், சண்டை போடுவதெல்லாம் வங்காளத்தில். தமிழ் எழுத வராது. நானும் சும்மா இருக்க மாட்டேன். "தமிழ்ல கையெழுத்துப் போடத் தெரியாதவனுக்கு எதுக்குடா தினமும் சாம்பார்?" என்பேன். அது உன்னைத் தைத்திருக்கிறது. நாற்பது வயதில் நான்கு கோடு போட்ட நோட்டு வாங்கி எழுதிப் பழகினாய் என்று உன் அம்மா சொல்லித்தான் தெரியும்.

அந்த வருஷக் குளிர்காலக் கடைசியில் நம் இருவரையும் மலைக்கு அனுப்பினார்கள். கிளப்பை நடத்துபவர்களுக்கு இமயமலையில் இன்னொரு மைதானம் இருந்தது. வசந்தத்தில் திறப்பதற்குள் புல்லைத் தயார் செய்ய வேண்டும். பத்து நாள் என்றார்கள், ஐந்து வாரம் ஆயிற்று. பனி சீக்கிரம் உருக அதன்மேல் சாம்பல் தூவினோம். உருகிய தண்ணீர் மறுபடி உறையாமல் ஓட வாய்க்கால் வெட்டினோம். அடியில் பூஞ்சை பிடித்துக் கிடந்த புல்லை வாரிக் காற்றாட விட்டோம். இரண்டு நாளைக்கு ஒரு தடவை பாதை மூடிக்கொள்ளும். எனக்கு மூச்சு முட்டியது. எந்த ஜன்னலைத் திறந்தாலும் வெள்ளைச் சுவர், பேச நீ ஒருவன். நீயோ சந்தோஷமாக இருந்தாய். அது வேறு எனக்கு எரிச்சல். "நம்ம பாஷைல எல்லாத்துக்கும் பனிதான். இங்க வந்து எப்படிடா பொழைக்கிறது?" என்று கேட்டு நீயே சிரித்துக்கொண்டாய்.

கிரீன்களில் பனி முழுக்க உருகிய பிறகு, விதை வாங்க நீ ஜீப்பில் கீழே இறங்கினாய். ராத்தங்கி மறுநாள் வருவதாகத் திட்டம். மூன்று கிரீன்களின் வேலை அதற்குள் முடிந்தால் அதே ஜீப்பில் நான் ஊருக்குப் போகலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். டீ கிளாஸுக்கு அடியில் நீ ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போயிருந்தாய். உருண்டை உருண்டையான தமிழ் எழுத்து. "பனி இருக்கும்போது புல்லில் யாரும் கால் வைக்கக் கூடாது. வெயில் வந்த பிறகு வேலை."

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். புல் சாம்பல் நிறத்தில் மினுங்கியது. மலைப்பனிதான் போய்விட்டதே, இது கல்கத்தாவில் தினமும் தட்டுகிற பனிதானே என்று நான்கு பேரிடம் கழியைக் கொடுத்தேன். உள்ளூர்க்காரர் ஒருவர் வரப்பிலேயே நின்று, "பாலா, சாப், பாலா" என்றார். யாரோ பாலாவைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். உறைபனிக்கு அவர்கள் சொல்லும் பெயர் அது என்று அப்புறம்தான் தெரிந்தது.

உறைந்த புல்லை மிதித்தால் உள்ளுக்குள்ளேயே ஒடிந்துவிடும். மத்தியானத்திற்குள் மூன்று கிரீன்களிலும் எங்கள் காலடிகள் கறுத்து எழும்பின.

நீ வந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாய்.

"நான் எழுதி வச்சது புரியலையாடா?"

"உன் தமிழ் எவனுக்குப் புரியும்? பனின்னு போட்டா எந்தப் பனின்னு நான் கண்டேன்?"

நீ மேனேஜரிடம் போய், நான்தான் சரியாக எழுதவில்லை, தப்பு என்னுடையது என்று சொன்னாய். கெடுத்தவனே இருந்து சரிசெய்துவிட்டுப் போகட்டும் என்றார் அவர். நீ அங்கேயே தங்கினாய், நான் அதே ஜீப்பில் மலையிறங்கி ஊருக்கு வந்துவிட்டேன்.

கோடையில் புல் தேறிவிட்டது. அதற்குள் உன் கைத்திறன் அவர்களுக்குப் பிடித்துப்போய், அடுத்த குளிர்காலத்துக்கும் உன்னை விடவில்லை. அந்த ஜனவரியில் உன் அம்மா போனார். "பாதை அடைச்சுக் கிடக்குடா. நாலு நாள் ஆகுமாம். நீ போய் நில்லு" என்றாய். போய் நின்றேன். அம்மாவின் காதருகே போனைப் பிடிக்கச் சொன்னாய். பிடித்தேன். நீ என்ன பேசினாய் என்று கேட்கக் கூடாது என்பதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திரும்பி வந்த பிறகு நீ ஒரு நாளும் குத்திக் காட்டவில்லை. ஆனால் தமிழில் எழுதுவதை நிறுத்திவிட்டாய். உன் மகள் கல்யாணப் பத்திரிகைக்கு மேல்விலாசம் எழுத உட்கார்ந்தபோதுகூட, "நீயே எழுது. நான் எழுதினா யாருக்கும் புரியாது" என்று பேனாவை என் பக்கம் தள்ளினாய். நானும் சிரித்தபடி எழுதினேன். கிளப்பில் ஒரே அறையில் அத்தனை வருஷம் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வரும். உன் அம்மாவின் காதருகே போனைப் பிடித்த கை ஞாபகம் வரும், வாய் மூடிக்கொள்ளும். எனக்கு அந்த அறையிலிருந்து வெளியே போக வழி தெரியவில்லை.

இப்போது சொல்கிறேன். கல்கத்தாப் பனி காலடியில் சத்தம் போடாது. அன்று மூன்றாவது அடியிலேயே அப்பளம் மாதிரி நொறுங்கியது. நான் நின்று கீழே பார்த்தேன். சீட்டில் நீ எந்தப் பனியைச் சொன்னாய் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஜீப் போய்விடுமே என்றுதான் இருந்தது எனக்கு. ஆட்களைப் பார்த்து, "ஜல்தி, ஜல்தி" என்றேன்.

அந்தச் சத்தம் என் காலை விட்டுப் போகவில்லை. நீ எழுதியது எனக்குப் புரிந்ததுடா. உன் தமிழில் ஒரு பிழையும் இல்லை.