ஆறு முறை ‘ஆபத்தில்லை’

ஜூன் 3, திங்கள்

மருத்துவமனையின் கேமரா அறையில் இன்று நாற்காலிகளை மாற்றிப் போட்டார்கள். பதினாறு வருடமாக நடுத்திரைக்கு எதிரே இருந்தது என்னுடையது. இனி அங்கே புதிதாக வேலைக்கு வந்திருக்கும் அவள். யாராவது சந்தேகப்படும்படி நின்றால், பின்தொடர்ந்தால், கை ஓங்கினால், அவர் மேல் தானாகவே சிவப்புக் கட்டம் போடும் மென்பொருளைக் கொண்டுவந்திருக்கிறாள். முப்பது வயது இருக்கும்.

“அக்கா, கட்டம் வந்தா பாத்துட்டு ‘ஆபத்து’, ‘ஆபத்தில்லை’ ரெண்டுல ஒண்ண அழுத்துங்க. நீங்க அழுத்துறதப் பாத்துத்தான் அது கத்துக்கும்.”

அதாவது, என் கண்ணை அதற்கு ஊட்டிவிட வேண்டும். ஊட்டி முடித்ததும்?

ஜூன் 6

மேலாளர் அவளிடம், “உன் மெஷின் கண்ணுல இருந்து யாரும் தப்ப முடியாதும்மா” என்றார். போன வருடம் வரை என்னிடம் சொன்ன அதே வார்த்தை.

ஜூன் 7

தலைமுடிகூட அவளுக்கு அப்படியொரு அடர்த்தி.

ஜூன் 11

மாலை ஐந்தரைக்கு அவள் கிளம்பிவிட்டாள். இரண்டாம் தள வாகன நிறுத்தத்தில் கட்டம் வந்தது. அவள் ஸ்கூட்டருக்குப் பக்கத்துத் தூணின் பின்னால் ஒருவன். அவள் வண்டியை எடுத்துப் போன பிறகு வெளியே வந்து, போன திசையையே பார்த்து நின்றான்.

வயிறு எரிந்தது. இவளுக்குக் காத்துக்கிடக்கவும் ஒருவன்! என் வீட்டுக்காரர், இவர், எனக்காகக் கடைசியாகக் காத்திருந்தது பல் டாக்டரிடம். அதுவும் தூங்கிக்கொண்டே.

‘ஆபத்தில்லை’ அழுத்தினேன்.

ஜூன் 14

மூன்றாவது முறை. அதே ஆள், அதே தூண். ஆபத்தில்லை.

இவரிடம் சொன்னேன்.

“அவகிட்ட சொல்லிட்டியா?”

“அது அவ சொந்த விஷயம். நமக்கென்ன?”

“நீ எப்பலேருந்து அடுத்தவங்க சொந்த விஷயத்த விட்டுவைக்க ஆரம்பிச்ச?”

அவர் சிரித்தார். எனக்கு வரவில்லை.

ஜூன் 20

நேற்றோடு ஆறு முறை அழுத்தியாயிற்று. இன்றும் அவன் நின்றான். கட்டம் வரவில்லை.

கற்றுக்கொண்டுவிட்டது. கெட்டிக்காரப் பிள்ளை.

ஜூன் 21



ஐந்து நாற்பது. திரையில் கட்டம் இல்லை. ஆனால் இன்று அவன் தூணை விட்டு ஸ்கூட்டரை ஒட்டியே நின்றான். வலது கை சட்டைக்குள். உடம்பின் எடை முழுக்க முன்பாதத்தில். அந்த நிற்பை இத்தனை வருடத்தில் இரண்டே முறை பார்த்திருக்கிறேன். “ரெண்டாவது தளம்! ஓடுங்க, ஓடுங்க!” என்று வாக்கிடாக்கியில் கத்தினேன். காவலர்கள் போய் அவனைப் பிடிப்பதற்குள் அவள் முன்கையில் கத்தி இறங்கிவிட்டது. பதினொரு தையல்.

விவாகரத்தான கணவனாம். அவனுக்குப் பயந்துதான் ஊர் மாறி வந்திருக்கிறாள்.

தூணுக்குப் பின்னால் ஒளிகிறவன் காதலன் இல்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும்டி. பதினாறு வருஷமா வேற என்னத்தப் பாத்துக் கிழிச்ச?

ஜூன் 24

எல்லோர் முன்னாலும் மேலாளர், “மெஷின் கோட்டை விட்டுச்சு, இந்தம்மா கண்ணு விடல” என்றார். கைதட்டல். நடு நாற்காலி திரும்ப வந்துவிட்டது. அவளை வேலையிலிருந்து எடுக்கப் போவதாகப் பேச்சு.

கட்டுப் போட்ட கையோடு மூலையில் உட்கார்ந்து, “எங்க தப்புப் பண்ணேன்னு தெரியலையேக்கா” என்கிறாள். வரி வரியாக மென்பொருளைத்தான் தோண்டுகிறாள். நான் அழுத்தியவற்றின் பதிவைத் திறந்து பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அப்படி நம்ப முடிகிறதே ஒருத்தியால் — அதற்கும் எனக்குப் பொறாமைதான்.

ஜூன் 26

ஆறு முறையையும் தேதி, நேரத்தோடு எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். நகலை அவளிடம். நின்றபடியே படித்தாள்.

“ஏன்?”

“பொறாமை” என்றேன். இதைவிட அழகான சொல் கிடைக்கவில்லை.

ஜூலை 15

முன்வாசல் மேசைக்கு என்னை மாற்றி இரண்டு வாரம். பார்வையாளர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறேன். அவள் வேலை நிலைத்துவிட்டது. தினமும் என்னைக் கடந்து போவாள், திரும்பிப் பார்க்காமல். நியாயம்தானே.

இன்று ஐந்தரைக்கு மேசை முன்னால் வந்து நின்றாள். கண்கள் வாசலைப் பார்த்தபடி இருந்தன.

“வண்டி வரைக்கும் வர்றீங்களா?”

அக்கா என்று சொல்லவில்லை. சீட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தேன். படிக்கட்டில் அவள் முன்னால் போனாள். நான் இரண்டு படி பின்னால், இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே.