சேகர் கையில் பந்து

12-6-89, திங்கள்

காலை ஆறு மணிக்கே வெயில். பால் கார்டோடு பூத்துக்குப் போனேன். சுவரில் புதிதாக ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். சேகர் படம்.

சேகர் (இனி சே.) போய் இன்று எட்டாம் நாள். மஞ்சள் காமாலை, ஒரே வாரம். பக்கத்து பிளாக், ஒரே வகுப்பு, இரண்டு வருடமாக என் டீம். போஸ்டர் அடித்தது நாங்கள் இல்லை. அவன் அப்பாவும் இல்லை, விசாரித்துவிட்டேன். கீழே போட்டிருப்பது: 'ஆறாத் துயரத்துடன் நண்பர்கள், பாரிவாக்கம்.'

பாரிவாக்கம்! பக்கத்து ஊர், ஏழுமலை டீம். மூன்று வருடமாக குவார்ட்டர்ஸ் பசங்களுக்கும் அவர்களுக்கும் ஆகாது. பொங்கல் மேட்சில் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு அடிக்க வந்தவர்கள். அவர்களுக்கு இவன் எப்படி நண்பன்?

பால் வாங்காமலே திரும்பிவிட்டேன். அம்மாவிடம் திட்டு.

13, செவ்வாய்

போஸ்டரை மறுபடி போய்ப் பார்த்தேன். தலையில் தொப்பி, கையில் பந்து, வாயெல்லாம் பல். பின்னால் பனைமரம். எங்கள் கிரவுண்டில் பனைமரம் கிடையாது.

சந்தேகங்கள்:
1. ஞாயிறு சாயங்காலம் பூந்தமல்லியில் கணக்கு டியூஷன் என்பான். டியூஷன் போனவன் கணக்கில் 38.
2. கேன்வாஸ் ஷூவில் வயல் சேறு. கேட்டால் விழுந்துவிட்டேன் என்பான். வாராவாரமா விழுவான்?
3. கடைசி இரண்டு மேட்சிலும் ஏழுமலை (ஏ.ம.) எனக்குக் கால் பக்கமே போட்டான். இரண்டு தடவையும் தூக்கி அடித்து அவுட். என் பலவீனத்தை அவனுக்கு யார் சொன்னது?

செத்தவனைச் சந்தேகப்படுகிறேன். அசிங்கம்தான். ஆனால் விட முடியவில்லை.

15, வியாழன்

பிளஸ் ஒன் விண்ணப்பத்துக்கு இரண்டு மணி நேரம் க்யூ. பேனா தொலைந்தது. எங்கள் கீப்பர் பாபு வந்தான். 20-ம் தேதி சே. பதினாறாம் நாள் காரியம், அந்த வாரமே அவன் பேரில் ஒரு மேட்ச் வைக்கலாம் என்றான். யோசிக்கலாம் என்றேன்.

"இதுல இன்னாடா யோசன? உன் ஃபிரண்டுதான?"

அதுதான் தெரிய வேண்டும். எங்கள் ஆளா, அவர்கள் ஆளா? தெரியாமல் எப்படி மேட்ச் வைப்பது? பாபுவிடம் சொல்லவில்லை.

அம்மா இன்றும் அதையேதான் சொன்னாள். கண்ட இடத்தில் தண்ணீர் குடித்துத்தான் காமாலை வந்ததாம். எந்த இடம் என்று எனக்குத் தெரியும், பாரிவாக்கம்தான். பட்டியலில் 4.

17, சனி

தூறல். போஸ்டரின் ஒரு மூலை நேற்றுக் கிழிந்து தொங்கியது. இன்று யாரோ பசை தடவி ஒட்டியிருக்கிறார்கள். குவார்ட்டர்ஸுக்குள் வந்து போகிறான்கள், ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. நாளை நேராகப் போய்க் கேட்பது.

18, ஞாயிறு

அப்பா சைக்கிளில் பாரிவாக்கம். பேன்ட் பையில் பழைய சைக்கிள் செயின், எதற்கும் இருக்கட்டும் என்று.

ஒரு வயல் கிணற்றை ஒட்டித்தான் அவர்கள் கிரவுண்ட். பனைமரமும் அங்கேதான். ஏ.ம. தனியாக இருந்தான். சண்டைக்கு வரவில்லை. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். வேண்டாம் என்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன் என்றுகூட நினைக்கிறேன். அவன் அதைப் பார்த்தான்.

எட்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சே. வந்து பந்து போட்டானாம். லெக் ஸ்பின். நன்றாகவே திருப்புவானாம். என்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தானாம். என் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவானாம்.

அப்படியானால் கால் பக்கம் போடச் சொன்னது யார் என்றேன்.

"அத்த வேற சொல்லணுமா? நீ கால் பக்கம் தூக்குவன்னு ஊருக்கே தெரியும் மாமே."

பிறகு எதற்கு இங்கே வந்தான் என்று கத்தினேன். ஏ.ம. மெதுவாகத்தான் கேட்டான்.

"ரெண்டு வருசம் உன் டீம்ல இருந்தான். ஒரு ஓவராச்சும் அவன் கைல குட்த்துகிறியா?"

கிணற்றைப் பார்த்துக்கொண்டு அவனே மறுபடி பேசினான்.

"இந்தத் தண்ணிதான் குட்ச்சான். அதுனாலயா?"

அவன் முகத்தில் எறிய வைத்திருந்த நான்காவது சந்தேகம். அவனே எடுத்து என்னிடம் நீட்டுகிறான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

19, திங்கள்

ஸ்கோர் நோட்டை எடுத்தேன். இரண்டு வருடம், ஒரு பக்கம் விடாமல் பார்த்தேன். பேட்டிங்கில் கடைசி ஆள், சே. பந்து போட்டவர்கள் வரிசையில் முதல் பெயர் எப்போதும் என்னுடையது, அவன் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. எல்லாம் என் கையெழுத்து.

போன வருடம் ஒருமுறை கேட்டான். "கேப்டன், ஒண்ணே ஒண்ணு." அப்புறம் பார்க்கலாம் என்றேன். மறந்தும் போனேன்.

மே மாதம் மார்க்கெட்டில் ஐஸ் போட்ட ஜூஸ் குடித்தோம். கூட்டிப்போனது நான். எதனால் வந்தது என்று டாக்டருக்கே தெரியவில்லையாம்.

பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இத்தனை நாள் வராத அழுகை. அம்மா கதவைத் தட்டினாள், தண்ணீர் வீணாகிறதாம்.

20, செவ்வாய்

காரியம். ஏ.ம. வரவில்லை. சே. அம்மா போஸ்டர் யார் அடித்தது என்று கேட்டார்கள். நம்ம பசங்கதான் அம்மா என்றேன். பந்தோடு நிற்கிற படம் ரொம்ப நன்றாக இருக்கிறது, எங்கே எடுத்தது என்றார்கள். பிறகு சொல்கிறேன் என்றேன்.

நாலு வடை, இலையில் கட்டிக்கொண்டு சாயங்காலம் சைக்கிள். செயின் எடுத்துப் போகவில்லை. ஏ.ம. வடையை வாங்கிக்கொண்டான். நான் தண்ணீர் கேட்டேன்.

"வாணாம். எங்க தண்ணி வாணாம் உனக்கு" என்றான்.

நானே வாளியை விட்டு இறைத்தேன். செம்பை நிரப்பி, அவன் பார்க்க முழுதும் குடித்தேன். லேசான உப்பு. அவன் ரொம்ப நேரம் திரும்பி நின்றிருந்தான்.

மேட்ச் ஞாயிறு, பனைமரத்து கிரவுண்டில். முதல் ஓவர் நான் போடுவதில்லை.

தண்ணீர் குடித்ததை அம்மாவிடம் சொல்லக் கூடாது.